சிடி சாருக்கு ஒரு மேலதிகாரி

காரைக்கால் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், தன்னை அதட்ட ஒரு மேலதிகாரி கிடைக்க மாட்டாரா என்று ஏங்கி அலைந்த மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் கல்லூரி நூலகத்தின் சிடி சார்.

நான் அங்கே வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரும் அட்டெண்டர். படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் மட்டும் முடியவில்லை. மின்விசிறி நின்றால்கூட என்னைத்தான் கேட்பார்களோ என்று சுவிட்சைப் பார்க்க ஓடுவேன்.

சிடி சார் மீடியா நூலகர். மாடியில் தனி அறை. பாட வீடியோ சிடிகள், ஒலிப்பதிவுகள், புரொஜெக்டர், கீழே வாசிப்பறை ஸ்பீக்கரில் பேச ஒரு மைக் எல்லாம் உண்டு. தலைக்கு மேலேதான் ஆள் இல்லை. எங்கள் கல்லூரியில் மேலதிகாரியிடம் "கெளம்புறேன் சார்" என்று சொல்லி, அவர் "சரி" என்ற பிறகே யாரும் வீட்டுக்குப் போவார்கள். சிடி சாரும் நூலகர் முன்னால் போய் நிற்பார்.

"நீங்க மெஷின் பாக்குற ஆளு. கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்ல போய் சொல்லுங்க."

அங்கே போனால், "நூலகர்னு போர்ட மாட்டிக்கிட்டு இங்க வந்து நிக்கிறீங்களே!"

முதல்வரிடமே கேட்டுவிட்டார். "நீங்க ரெண்டு பேருக்கும் பொது. சந்தோஷமா இருங்களேன்!"

"கோயிலுக்கு விட்ட மாடுய்யா நீங்க, குடுத்து வச்சவரு" என்று எல்லோரும் கேலி செய்தார்கள். அவரும் சிரிப்பார். பிறகு யாரிடமும் சொல்லாமல், பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த தன் ஒற்றை அறைக்குப் போவார்.

ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை. மத்தியானம் எல்லோரும் போய்விட்டார்கள். ஜன்னலைச் சாத்தினேனா என்ற சந்தேகத்தில் நான் மட்டும் பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தேன். ஆளில்லாத வாசிப்பறையில் ஸ்பீக்கர் பேசியது.

"வணக்கம். மீடியா பிரிவிலிருந்து பேசுகிறேன். மாடிக் கதவு வெளியே பூட்டியிருக்கிறது. வசதிப்பட்டவர்கள் திறந்துவிடவும். நன்றி."

உயிர் போய் உயிர் வந்தது. வாட்ச்மேனை இழுத்துவந்து திறந்தேன். சிடி சார் கம்ப்யூட்டர் துறையில் இருப்பதாக நூலகர் நினைத்திருக்கிறார்; நூலகத்தில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் துறைக்காரர்கள்.

"போன் இல்லையா சார்?"

"இருக்கு. யாருக்குப் பண்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

திங்கட்கிழமை சாயங்காலம் என் ஸ்டூலுக்கு எதிரே வந்து கைகட்டி நின்றார். "கெளம்புறேங்க."

பதறி எழுந்தேன். "சார், நீங்க எங்கிட்ட சொல்றத யாராவது பாத்தா என் வேல போயிரும் சார்!"

"நீங்க ஒண்ணும் அதிகாரம் பண்ண வேணாம். நான் வரலேன்னா தேட ஒரு ஆளு வேணும்ல? சரின்னு மட்டும் சொல்லுங்க."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சரிங்க சார்" என்றேன். அன்றிலிருந்து அதுவே வழக்கம்.

அப்புறம் ஒரு நாள் ஆர்டர் வந்தது: மீடியா நூலகர் இனி நூலகருக்குக் கீழே. அப்பாடா, தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் நேரமாக ஆக, என் கண் படிக்கட்டிலேயே இருந்தது. அவர் இறங்கினார், நூலகர் அறைக்குள் போனார், வந்தார். நேராக என்னிடம்.

"அவருகிட்ட சொல்லியாச்சு. செல்போன பாத்துக்கிட்டே 'ம்'னாரு. நீங்க சொல்லுங்க."

அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. மாடி அறை பூட்டித்தான் கிடக்கிறது. சாயங்காலம் எங்கள் ஊர் கோட்டுச்சேரி பஸ்ஸுக்கு நேரமாகும். படிக்கட்டை ஒருமுறை பார்த்து, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்டூலை விட்டு எழுகிறேன்.