வேணாமென்று சொன்னது பாணை, மச்சான்

இரத்தோட்டை,
வியாழக்கிழமை, காலை பத்து மணி

அன்பும் கண்ணியமும் மிக்க ரவூப் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை நோனாவின் கணவன் யாகூப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். லக்கலயில் நீங்களும், உங்கள் துணைவி நூருன்னிஸா ராத்தாவும், உங்கள் வயலும், யானை மிச்சம் வைத்த வாழைகளும் நலமாயிருக்க துஆச் செய்கிறோம். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முப்பத்திரண்டு வருஷம் தபால் கந்தோரில் இருந்தவன் நான், முறை தெரியாதவன் அல்ல. ஆனால் சுகமில்லை, மச்சான். செவ்வாய்க்கிழமை முதல் இந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நோனா பாணைக் கண்டால் அழுகிறாள்.

கடிதத்தைக் கிழித்துப் போடுவதானாலும் இந்த ஒரு விஷயத்தை வாசித்துவிட்டுக் கிழியுங்கள். செவ்வாய் காலை பத்து பன்னிரண்டுக்கு நீங்கள் எங்கள் கேட்டில் பெல் அடித்தபோது, குசினி ஜன்னலுக்குள்ளிருந்து, "இன்னைக்கி வேணாம். போன தரம் தந்தது கல்லு மாதிரி இருந்துச்சி. கொண்டு போங்க" என்று நோனா சொன்னது உங்களுக்கு அல்ல, தெருவில் ரொட்டி விற்கும் பாண்காரனுக்கு. உங்கள் கையில் தொதல் இனிப்புப் பார்சல் இருந்ததை அவள் காணவில்லை. உங்களையே காணவில்லை. பெல் அடித்தவரைப் பாண்காரன் என்று எப்படி நினைக்கலாம் என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்குக் காரணம் நான்தான்.

தோஹாவில் இருக்கும் எங்கள் மூத்தவன் றிஸ்கான் போன லீவில் வந்தபோது ஒரு பெல் கொண்டுவந்து கேட் தூணில் பூட்டினான். நாம் அறிந்த பெல் அல்ல இது. சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு கண், ஒரு காது, ஒரு வாய். யார் வந்து நின்றாலும் படம் பிடித்து, அவர் பேசுவதையும் சேர்த்து எங்கள் மகள் ஆதிபாவின் போனுக்கு அனுப்பிவிடுகிறது. போனில் அவள் பேசினால் தூண் பேசுகிறது. வீட்டுக்குள்ளே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது; வெளியே பெல் அடித்தால் அது பாடும். ஒருநாள் றிஸ்கான் தோஹாவில் ஏதோ லிப்டுக்குள் நின்றபடி எனக்கு போன் எடுத்து, "வாப்பா, கேட்டுக்கிட்ட ஒரு மாடு ஒங்கட கறுவாக் கண்டத் திங்குது" என்றான். ஓடிப்போய்ப் பார்த்தேன். தின்றுகொண்டுதான் இருந்தது. சுப்ஹானல்லாஹ் என்று சொல்லி அந்தத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றதில், மாட்டைத் துரத்த மறந்துபோனேன். எத்தனையோ தந்திகளை இந்தக் கையால் அடித்து அனுப்பியிருக்கிறேன், ஒரு தந்தியாவது மாட்டைப் பார்த்திருக்குமா? அன்றிலிருந்து அந்தத் தூணைக் கடக்கும்போதெல்லாம் தொப்பியைச் சரிசெய்துகொள்கிறேன். ஸலாம் சொல்வதும் உண்டு. நோனா சிரிப்பாள்.

அந்தப் பெல்லில் ஒரே ஒரு குறை. அதன் டிங்டொங் சத்தமும் பக்கத்து வீட்டுப் புஷ்பவதி டீச்சரின் பெல் சத்தமும் ஒன்று. அவருக்கு ஆள் வந்தால் நான் ஓடுவேன், எங்களுக்கு ஆள் வந்தால் அவர் ஓடுவார். வரும் பதினான்காம் திகதி ஆதிபாவின் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் வந்து போகும் நாட்களில் இந்தக் குழப்பம் ஆகாதென்று, ஞாயிற்றுக்கிழமை ஆதிபாவின் போனை வாங்கிச் சத்தத்தை மாற்ற உட்கார்ந்தேன். தான் மாற்றித் தருவதாக அவள் சொன்னாள். வீட்டுக்குப் பொறுப்பானவன் நான், என் கேட்டின் சத்தத்தை நானே தெரிவு செய்வேன் என்றேன். மச்சான், அந்தப் போனுக்குள் எத்தனை சத்தம் என்கிறீர்கள். நாய் குரைப்பு இருந்தது. நாய் இருக்கும் வீட்டுக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்களே, தள்ளிவிட்டேன். குழந்தை சிரித்தது, மழை பெய்தது, குதிரை ஓடியது. பிறகு ஒரு பியானோ. சொல் இல்லை, ஆரவாரம் இல்லை, பெரிய மனிதர் வீட்டுக் கூடத்தில் கேட்பதுபோல் மெதுவாக ஏறி இறங்கியது. முன்பே எங்கோ கேட்டதுபோலவும் இருந்தது. மனசு அப்படியே இளகிவிட்டது. நல்ல இசையென்றால் முதல் தரம் கேட்கும்போதே பழகியதுபோல் இருக்கும் என்று நோனாவுக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

திங்கள் காலை தபால்காரர் றினோஸ் வந்து பெல் அடித்தார். வெள்ளைப் பெட்டி பாடியது. புஷ்பவதி டீச்சர் பையோடு வெளியே வந்தார். எதிர்வீட்டு அழகமுத்து ஒரு கையில் பல் துலக்கும் பிரஷோடு வந்து, றினோஸிடம் ரோஸ் பாண் இருக்கிறதா என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது. தினமும் காலையிலும் பின்னேரமும் பாண் ஆட்டோ போட்டுக்கொண்டு வரும் அதே பாட்டு. பதினைந்து வருஷமாகக் கேட்கும் பாட்டைத்தான் நான் பெரிய மனிதர் வீட்டுக் கூடத்தில் தேடியிருக்கிறேன். உடனே மாற்றச் சொல்லி நோனாவும் ஆதிபாவும் கெஞ்சினார்கள். இங்கேதான் என் பிழை. நல்ல பாட்டு நல்ல பாட்டுத்தான், வேண்டுமானால் பாண்காரன் மாற்றிக்கொள்ளட்டும் என்று வீம்பு பேசினேன். அந்த வீம்புக்கு மறுநாளே பலன் கிடைத்தது.

நீங்கள் வந்த செவ்வாய்க்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். கூடத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவரும் பத்து அடி முற்றமும்தான். பாட்டுக் கேட்டது. பாணுக்கு நான் எழும்புவதில்லை, அது நோனாவின் பகுதி. அவளோ முதல்நாள் வாங்கிய பாண் காய்ந்திருந்த கோபத்தில் இருந்தாள். மிச்சம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டுக்கு இன்று காலை முடிவு கட்டிவிட்டேன். ஆதிபாவின் போனை வாங்கி, குருவி சத்தம் ஒன்றைத் தெரிவு செய்து அமர்த்தினேன். என் உள்ளங்கைக்குள்ளேயே குருவி கத்தியது. அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு மாத்தளையில் தையற்காரியிடம் அளவு கொடுக்க ஒன்பது மணி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். இனி எங்கள் வீட்டில் பெல் அடித்தால் குருவிதான் கூப்பிடும். பாண் பாட்டு பாண்காரனுக்கே. இதோ, இதை எழுதும்போதே அவன் வந்துவிட்டான். நோனா குசினி ஜன்னலைப் பட்டென்று சாத்துகிறாள். பாடட்டும், எனக்கென்ன, நான் எழுதுகிறேன்.

செவ்வாய் பின்னேரம் ஆதிபா போனைப் பார்த்துவிட்டு, "வாப்பா, மாமா வந்திருக்காங்க" என்றாள். நான் கதவைத் திறக்க எழும்பினேன். அவள் போனை நீட்டினாள். இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, மச்சான். பெல் அடிப்பதற்கு முன் எங்கள் கேட்டில் நீங்கள் இரண்டு நிமிஷம் நின்றிருக்கிறீர்கள். பொக்கட்டிலிருந்து லேஞ்சியை எடுத்துச் சப்பாத்துத் தூசியைத் துடைத்தீர்கள். பார்சலை இடக்கைக்கு மாற்றினீர்கள், பிறகு வலக்கைக்கு மாற்றினீர்கள். விரல் பெல் வரைக்கும் வந்து இறங்கியது. மறுபடி வந்து இறங்கியது. பிறகு மெல்லிய குரலில், யாரும் கேட்கவில்லை என்று நினைத்து, "நோனா, நான் நானா வந்திருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தீர்கள். ஆறு வருஷத்துக்குப் பிறகு, அண்ணனான ஒரு நானா சொந்தத் தங்கையின் பெயரை எந்தக் குரலில் கூப்பிடுவதென்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகுதான் விரல் பெல்லில் பட்டது.

எனக்கு அறுபத்தெட்டு வயது. என் வீட்டுக் கதவை எத்தனை பேர் தட்டியிருப்பார்கள். தட்டுவதற்கு முன் ஒரு மனிதன் என்ன பாடுபடுகிறான் என்று நான் அறிந்ததே இல்லை. எல்லோரும் கதவைத் திறந்த பிறகுதானே முகத்தைக் காட்டுகிறோம். அந்தச் சவர்க்காரக் கட்டி அதைக் காட்டிவிட்டது. அல்லாஹ் இதையெல்லாம் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று பள்ளியில் எத்தனையோ தரம் கேட்டவன்தான் நான், செவ்வாய்க்கிழமைதான் அது எனக்கு விளங்கியது. நோனா அதைப் பதினொரு தரம் பார்த்தாள். தன் குரல் வரும் இடம் வந்ததும் காதைப் பொத்திக்கொள்வாள். அந்தச் சொல்லைக் கேட்டு நீங்கள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சத்தம் வராமல் கேட்டைச் சாத்திவிட்டுப் போனீர்கள். இந்தப் பாண்காரனுக்கு இன்று என்ன வந்தது என்று தெரியவில்லை, இரண்டாம் தரமும் வந்து பாடுகிறான். யாரும் வாங்கவில்லை போலிருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முந்தின ஹஜ்ஜுப் பெருநாளையும் இதிலேயே பேசி முடித்துவிடுகிறேன். ராத்தா கிண்டிய தொதலை வாயில் வைத்துவிட்டு, நாலு பேர் முன்னால் நோனா கல்லு என்று சொன்னது உண்மை. நீங்கள் தட்டோடு எழும்பிப் போனதும் உண்மை. ஆனால் குறை தொதலில் இருக்கவில்லை. அன்று அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. அந்தப் பல்லை மறுவாரமே பிடுங்கியாயிற்று. தொதல் வெண்ணெய் மாதிரி இருந்தது, நானே சாட்சி. ராத்தாவிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

நம் மார்க்கத்தில் மூன்று தரம் அனுமதி கேட்டுப் பதில் வராவிட்டால் மனத்தாங்கல் இல்லாமல் திரும்பிப் போகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் ஒரு தரம்தான் கேட்டீர்கள், அதற்கே இப்படி ஒரு பதில் வந்துவிட்டது. அங்கே உங்கள் போன் எடுபடுவதில்லை. ஆதிபா செவ்வாயிலிருந்து எடுத்துக் களைத்துவிட்டாள். "மாமா வராட்டி நான் ரூம விட்டு வெளிய வரமாட்டேன் வாப்பா. பொண்ணில்லாம நிக்காஹ நடத்துங்க" என்கிறாள். அவள் உங்கள் மருமகள், சொன்னால் செய்வாள். ஆகவே நீங்களும் ராத்தாவும் பதின்மூன்றாம் திகதியே முதல் பஸ்ஸில் வந்துவிட வேண்டும். பெல் அடியுங்கள், குருவி கத்தும், கத்தி முடிவதற்குள் நான் கேட்டில் நிற்பேன். மூன்றாம் தரமும் பாடுகிறான், மச்சான். வியாபாரம் தெரியாத மனிதன்.

வேறு விசேஷமில்லை. உங்கள் வயலுக்கு மழையும், யானைகளுக்கு வேறு வழியும், உங்கள் மனசுக்கு எங்கள் பக்கம் ஒரு சாய்வும் தர வல்ல அல்லாஹ்விடம் கேட்டு முடிக்கிறேன். ராத்தாவுக்கு எங்கள் ஸலாம்.

வஸ்ஸலாம்,
மச்சான் யாகூப்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக் குசினிக்குப் போனேன். அங்கே நீங்கள் நின்றீர்கள். உங்கள் தோளில் முகத்தை வைத்து நோனா அழுதுகொண்டிருந்தாள். ஆகவே இந்தக் கடிதம் தேவையில்லை. ஞாயிறு நான் மாற்றியது வெள்ளைப் பெட்டியின் சத்தத்தையாம், இன்று போன் மட்டும்தான் குருவியானதாம், இரண்டையும் தனித்தனியாக மாற்ற வேண்டுமாம். மூன்று தரமும் பாடியது பாண்காரன் இல்லையாம். நீங்கள் நபிவழிச் சுன்னத்துப்படி, நாலு ரக்அத் தொழும் சில நிமிஷ நேரம் விட்டு விட்டு மூன்று தரம் அடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். அந்நேரம் மாத்தளையில் தையற்காரியின் மேசைமேல் குருவி கத்த, ஆதிபா போனைப் பார்த்திருக்கிறாள். "மாமா, போகாதீங்க. பலா மரத்தடியால சுத்திப் போங்க, குசினிக் கதவு தொறந்திருக்கும்" என்று எங்கள் தூண் உங்களைக் கூப்பிட்டதை நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் புல்லரிக்கிறது. "ஒரு தரந்தானே கேட்டீங்க, இன்னும் ரெண்டு தரம் இருக்கு, போயி கேட்டுட்டு வாங்க" என்று உங்களை அனுப்பிய ராத்தாவுக்கு என்ன பதில் செய்வேன். அவர் புதிதாகக் கிண்டிக் கொடுத்த பார்சலைப் பிரித்துவிட்டோம். இந்தக் கடிதத்தை உங்கள் கையில் தர எனக்கு வழியில்லை, ஏனென்றால் பல்லின் கதை நோனாவுக்கும் தெரியாமல் நான் கட்டியது. தொதல் இந்தத் தரமும் கல்லுதான், மச்சான். நோனா மூன்று துண்டு தின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நாலாவதுக்குக் கை நீட்டுகிறாள்.