வாசலோரக் கட்டிலின் மகிமை

இரண்டு மாதமாக எங்கள் தெருவில் யாருக்குத் தும்மல் வந்தாலும் பேச்சு அந்தக் கட்டிலில்தான் போய் முடிந்தது. தர்ம ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், வாசலை ஒட்டிக் கிடக்கும் கட்டில். அதில் படுத்தவர்கள் மறுநாளே வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம். ஒருவர்கூடத் தவறவில்லையாம்.

ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல மாட்டேன். பக்திமான்கள் சேர்ந்து ஏழைகளுக்காகக் கட்டியது. சுற்றுவட்டாரத்தில் நான்கு கிளைகள். லாப நோக்கம் அறவே இல்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைக்கத்தான் கைராசி ஐயா வந்து சேர்ந்தார். பிரார்த்தனை அறையில் தொண்டு. கட்டிலின் அருளைக் கண்டுபிடித்தவரும் அவரே, அதற்கு ஏஜெண்டும் அவரே. கட்டில் 'கூப்பிட்டால்'தான் அதில் படுக்கலாம், அது கூப்பிட ஒரு காணிக்கை. அதில் விரித்த துணியில் கிழித்த ஒரு துண்டு வேண்டுமென்றால் தனிக் காணிக்கை. வார்டில் நோயாளிகளைவிடக் கட்டில்காலைத் தொட்டுக் கும்பிட வந்தவர்கள் அதிகம். நிர்வாகக் கமிட்டி உண்டியலைப் பார்த்தது, கண்ணை மூடிக்கொண்டது. நான்கு கிளைகளும் தங்களுக்கும் அப்படி ஒரு கட்டில் வேண்டுமென்று கேட்டு எழுதின.

இந்த நேரத்தில்தான் பஸ் டிரைவரின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து அதே வார்டில் வேறொரு கட்டிலில் படுத்தாள். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றே ஆபரேஷன், வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா. அவளோ கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். "கத்தி படாமலே குணமாகும், கட்டில் கூப்பிடும்வரை பொறு" என்று ஐயா சொல்லியிருந்தார். அவளுடைய இரண்டு வளையல்களும் ஏற்கெனவே அவர் பைக்குள் போயிருந்தன. அத்தனை பெரிய பஸ்ஸைச் சந்துக்குள் திருப்புகிற டிரைவர், மனைவியைத் திருப்பத் தெரியாமல் நின்றார்.

அவர் தங்கை வந்தாள். லாட்ஜில் அறை ஒதுக்குகிற வேலை. கட்டிலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், நர்ஸிடம் போனாள்.

"இதுல யாரைப் படுக்க வைப்பீங்க, சிஸ்டர்?"

"நாளைக்கு வீட்டுக்குப் போறவங்களை. வாசல் பக்கம், தள்ளுவண்டி வர வசதி."

"இது அந்த ஐயாவுக்குத் தெரியுமா?"

"தினமும் சாயங்காலம், நாளைக்கு யார் போறாங்கன்னு கேட்டுட்டுப் போவாரே. அக்கறைன்னு நினைச்சேன்."

"கேட்டீங்களா, அண்ணி?"

"நீ சும்மா இரு. ஐயா வாக்கு பொய்க்காது," என்று முனகினாள் அண்ணி.

ஐயா கூட்டத்தோடு நுழைந்தார். தங்கை பயபக்தியோடு கைகூப்பினாள்.

"ஐயா, கட்டில் இப்ப காலிதான். அண்ணியை இப்பவே மாத்திடறோம். ஆபரேஷன் வேணாம். நாளைக்கு நடந்து போவாங்க, அதுக்கு நான் பொறுப்புன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்." பேனாவையும் நீட்டினாள்.

ஐயா பேனாவைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கட்டில் இன்னும் கூப்பிடலையேம்மா."

"எப்பக் கூப்பிடும்?"

அண்ணி வலியில் சுருண்டாள். கூட்டம் ஐயாவின் வாயையே பார்த்தது. அவர் மனக்கணக்குப் போட்டார். இவள் இந்தக் கட்டிலில் செத்து வைத்தால் வியாபாரமும் கூடவே செத்துவிடுமே.

"முதல்ல ஆபரேஷனை முடிச்சுடுங்க," என்றார் மெல்ல. "தையல் பிரிச்சதும் கூட்டிட்டு வாங்க. கட்டாயம் கூப்பிடும்."

வார்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணி முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"தையல் பிரிச்சப்புறம் எங்க வீட்டுப் பாயே என்னைக் கூப்பிடும்யா. வளையலை எடு."

மரியாதை கழன்றது, வளையலும் பையிலிருந்து வெளியே வந்தது. காணிக்கையைத் திருப்பிக் கேட்டு அடுத்து நீண்ட கைகளைப் பார்த்ததும் ஐயா பின்வாசலைத் தேடினார். அண்ணி கையெழுத்துப் போட்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார் டாக்டரம்மா. பிழைத்துக்கொண்டாள்.

தங்களுக்கு எதுவுமே தெரியாது என்று கமிட்டி அறிக்கை விட்டது. கூட்டமும் சும்மா இல்லை. ஆபரேஷன் அறைக் கட்டிலைத் தொட்டுக் கும்பிட வழி உண்டா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் டோக்கன் உண்டு, வரிசை உண்டு. கேள்வி கேட்க மட்டும் இரண்டுமே கிடையாது. ஆனாலும் பாருங்கள், அந்தப் பக்கம்தான் ஆளே இல்லை.