முள்ளியவளை மில்லில் கோகுலன் தொடுத்த போர்

வாழ்க கோகுலன். பல்கலைக்கழகப் பாசறையில் நான்காண்டு படைக்கலம் பயின்று, மின்மோட்டரின் சீற்றத்தைச் சமன்பாட்டுக் கூண்டிலடைத்த செம்மல்; விமலேஸ்வரியின் நெல் மில்லிலே தன் கைவண்ணமாகிய வேகக்கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சுவரேற்றிய தீரன்; நேற்றைய ஆயுத பூசையில், வேறெவரையும் தொடவிடாது, மோட்டரின் அங்கமெல்லாம் தானே சந்தனப் பொட்டிட்ட பக்திமான்.

இன்று காலை அன்னான் சுவிச்சாகிய ஆளியை அழுத்த, மதங்கொண்ட களிறெனப் பிளிறி, கூரைத்தகரம் அதிர, கட்டுமீறிய வேகத்தில் எழுந்தது மோட்டர். மறுகணமே பெட்டி செவ்விளக்கேற்றி அதனை வீழ்த்திற்று. ஒருமுறையன்று, பதினொருமுறை.

அப்போது விமலேஸ்வரியின் ஆணை பிறந்தது: "தம்பி, மத்தியானத்துக்குள்ள ஓடாட்டி உங்கடை பெட்டியைக் கழட்டிப்போட்டுப் பழைய சுவிச்சைப் பூட்டுவன். சனம் நெல்லோட நிக்குது."

"ஓம் அக்கா, இன்னும் பத்து நிமிசம்."

"எட்டு மணியிலயிருந்து அதே பத்து நிமிசம்தான்."

பெட்டி இறங்கினால் பெயரும் இறங்கும்; வன்னியில் இனி எந்த மில்லும் அவனை வாசற்படி ஏற்றாது. ஆகவே வீரன் மடிகணினிக் கேடயம் விரித்து, சுழலியின் சடத்துவத்தை அளந்தான். பட்டியின் இழுவையை அளந்தான். நெல்லின் ஈரத்தையும், மின்சாரத்தின் சோர்வையும், தகரக்கொட்டிலின் வெக்கையையும் கணக்கில் சேர்த்தான். சமன்பாட்டின் எண்கெழுக்களைக் கணைகளாய்த் தொடுத்தான். ஈற்றில், திரையினுள்ளே வரைகோடு நேராக, மாதிரி மோட்டர் தேர்போல் தளம்பாது ஓடக்கண்டு மார்தட்டினான்.

"அக்கா, கணினிக்குள்ள வடிவா ஓடுது."

சைக்கிளில் இரண்டு மூட்டையோடு நின்ற வீரகத்தி சொன்னார்: "அப்ப என்ர நெல்லையும் அதுக்குள்ள போட்டே குத்தித் தாங்கோ."

சிரிப்பொலி அம்புமழையாய்ப் பொழிய, பன்னிரண்டாம் முறையும் களிறு பிளிறி வீழ்ந்தது. வீரன் தன் ஆசிரியர்களை நினைத்தான், பாடநூல்களை நினைத்தான், மோட்டர் செய்த நாட்டையே சந்தேகித்தான். மத்தியானமும் வந்தது. கையில் ஸ்பானரோடு விமலேஸ்வரியும் வந்தார். பெட்டியின் வயரைப் பிடித்துக்கொண்டே போனவர், அது முடியும் இடத்தில், மோட்டரின் அச்சருகே குனிந்து நின்றார்.

"தம்பி, மோட்டர் என்ன வேகத்தில ஓடுதெண்டு பெட்டிக்குச் சொல்லுற கண் இதுதானெண்டு காட்டினனீங்கள் எல்லே?"

"ஓம் அக்கா. அது சொல்லாட்டி, நிக்குதெண்டு நினைச்சுப் பெட்டி இன்னும் இன்னும் விரட்டும்."

"அதுக்கு மேலயும் ஏன் பொட்டு வச்சனீங்கள்?"

விமலேஸ்வரி ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்ததும் மோட்டர் ஒழுங்காக ஓடியது.