சாறு ஐயாவுக்கு, சக்கை வீட்டுக்கு

காய்கறியைக் கடித்துத் தின்னப் பொறுமையில்லாமல், கசக்கிப் பிழிந்து குடித்தால்தான் உடம்பில் ஒட்டும் என்று நம்பும் ஒரு ஜீவன் நம்மிடையே உலவுகிறது. ஜூஸ்காரர் என்று வைத்துக்கொள்வோம். கடை போட்டவர் இல்லை, வீட்டிலேயே பிழிந்து குடிப்பவர். அதுதான் ஆபத்து.

பொழுது விடிந்ததும் விடியாததுமாக அவர் வீட்டு இயந்திரம் அலறும். பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழும். கேரட், பீட்ரூட், வெள்ளரிக்காய், ஒரு துண்டு இஞ்சி, பாதி ஆப்பிள் என்று வரிசையாக உள்ளே தள்ளி, இறங்குகிற சிவப்புச் சாற்றைத் தானே பெற்ற பிள்ளைபோல் பார்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் டம்ளரைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு வாயாக மென்று விழுங்குவார். ஆமாம், சாற்றைத்தான் மெல்லுவார். மீசையைத் துடைத்துக்கொண்டு, “உடம்பே லேசாயிடுச்சு” என்பார். ஆகாதா பின்னே? அவர் வேலைதான் முடிந்துவிட்டதே.

மிச்ச வேலை யாருக்கு? அந்த இயந்திரத்துக்குள் ஒரு சல்லடை இருக்கிறது. அதன் ஊசிமுனை ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கேரட் நார் குடியிருக்கும். அதைத் தேய்ப்பவர் அவர் மனைவி. பள்ளிக்கூட ஆசிரியை. சல்லடையோடு மல்லுக்கட்டிப் பலமுறை பஸ்ஸை விட்டவர். இனி ஒருநாள் தாமதமானாலும் மேலிடத்துக்கு எழுதுவதாகத் தலைமையாசிரியை சொல்லியாயிற்று.

“இதை மட்டுமாவது நீங்க கழுவக் கூடாதா?”

“குடிச்ச உடனே தண்ணியில கை வைக்கக் கூடாதும்மா. சத்து இறங்கிடும்.”

“யார் சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

சக்கையையும் விடமாட்டார். “அதுலதான் நார்ச்சத்து. பசங்களுக்கு முட்டையில கலந்து போடு” என்பார். பிள்ளைகள் சிவப்பு ஆம்லெட்டை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் அதை வாயில் வைத்து யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் அந்த அம்மாள் சல்லடையைத் தொடவில்லை. பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஜன்னலோரம் இடம் பிடித்து, மணி அடிக்கும் முன்பே வகுப்பில் போய் நின்றார். கேள்விப்பட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஜூஸ்காரர் இயந்திரத்தைத் திறந்தார். பீட்ரூட் காய்ந்து கல்லாகியிருந்தது. கொசுக்கூட்டம் வேறு. விரலால் நோண்டினார், குச்சியால் குத்தினார், கடைசியில் தன் பல்துலக்கியையே எடுத்துத் தேய்த்தார். ஆபீசுக்கு அன்று அவர்தான் தாமதம்.

சாயங்காலம் வீட்டாரை உட்கார வைத்து அறிவித்தார்: “பழத்தைக் கடிச்சுத் திங்கிறதுதான் உடம்புக்கு நல்லது. பிழிஞ்சா சத்தெல்லாம் போயிடும்.”

மனைவி அப்போதே ஒரு பழைய அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தார். இயந்திரம் ஜூஸ்காரரின் தங்கை கணவருக்கு அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்தது. பாவம், அந்தத் தங்கை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஜூஸ் இயந்திரமே கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். காலையில் நீங்கள் காப்பி குடித்த டம்ளர் இப்போது எங்கே இருக்கிறது? தெரியவில்லையென்றால் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.