ஆட்டுத் தீவனத்துக்கு சைரன் வெச்சேன்

எட்டு ஆட்டுக்கு ஒரு வாரம் தீவனம் வைக்கணும். இவ்ளோதாங்க வேலை.

ஆடுங்க என் பொண்டாட்டி செல்வியோடது. நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனில தையல் லைனுக்கு சூப்பர்வைசர்.

போன தடவை எட்டும் ஒத்தக் குட்டிதான் போட்டுச்சி. அதுலயும் ரெண்டு நோஞ்சான். கால்நடை டாக்டரம்மா வந்து பாத்தாங்க. "மேய்ச்சல் மட்டும் பத்தாதும்மா. கெடா சேக்கறதுக்கு மூணு வாரம் முன்னாடியே மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு கலந்து தலைக்கு கால் கிலோ குடு. ரெட்டைக் குட்டிக்கு சான்ஸ் ஜாஸ்தி."

ரெட்டைக் குட்டின்னு காதுல விழுந்ததுல இருந்து செல்விக்கு தூக்கமே இல்ல. அந்த நேரம் பாத்து விரிஞ்சிபுரத்துல அவ அக்காவுக்கு கண் ஆபரேஷன்!

"ஒரு வாரம் பாத்துக்க. தலைக்கு கால் கிலோ. எதுனா ஒண்ணு ஜாஸ்தி தின்னுச்சின்னா வயிறு உப்பி செத்துடும். புரியுதா?"

"அறுபது டெய்லருங்கள மேய்க்கறவன் நான். எட்டு ஆடு இன்னா பெரிய விஷயம்?"

வாய் சும்மா இருக்குமா எனக்கு!

மொத நாள் எட்டு பேசின் வெச்சேன். எட்டும் ஒரே பேசின்ல தலைய வுட்டுச்சி. நடுவுல பூந்து பிரிக்கப் போனவன் தவிட்டு மூட்டை மேல மல்லாந்தேன்.

சரி, லைன்ல டிசிப்ளின் இல்லன்னு முடிவு பண்ணேன். தோல்ல மார்க் போடற சில்வர் பேனாவால காதுல நம்பர் எழுதினேன். எங்க கம்பெனி சைரன போன்ல ரெக்கார்ட் பண்ணி, தீவனம் வைக்கறப்பல்லாம் போட்டேன்.

நாலாவது நாள் சைரன் அடிச்சதும் எட்டும் ஓடி வந்து ஆளுக்கு ஒரு பேசின் முன்னாடி நின்னுச்சி! வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். "மேனேஜ்மென்ட்னா இது"ன்னு எழுதி வேற வெச்சேன்.

அஞ்சாவது நாள், கம்பெனில மதியம் சாப்பாட்டு சைரன் அடிச்சிது. நிஜ சைரன்.

ரெண்டாவது நிமிஷம் போன். பகல்ல எங்க ஆடுங்களயும் சேத்து, கம்பெனிக்குப் பின்னாடி இருக்கற ஏரிக்கரைல மேய்க்கற பக்கத்து வீட்டு கோவிந்தன். "யோவ்! உன் ஆடுங்க மட்டும் உங்க கம்பெனி பக்கம் ஓடுதுய்யா! இன்னா பண்ணி வெச்ச அதுங்கள?"

நான் பதில் சொல்றதுக்குள்ள செக்யூரிட்டி ஓடி வர்றாரு. "சார், ஐடி கார்டு இல்லாம எட்டு பேரு உள்ள பூந்துட்டாங்க!"

கேன்டீன் பின்னாடி மிஞ்சின சோறு கொட்டற டப் இருக்கும். எட்டும் அங்கதான். எங்க லைன் பொம்பளைங்க சிரிச்சிக்கிட்டே ஏழ புடிச்சாங்க. மூணாம் நம்பர், செல்வியோட செல்லம், கழுத்து வரைக்கும் டப்புக்குள்ள இருந்துச்சி.

சாயங்காலம் அதுக்கு வயிறு கல்லு மாதிரி உப்பிப் போச்சி. படுத்துடுச்சி. பல்ல நறநறன்னு கடிக்குது. டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். இது செத்துட்டா செல்வி மூஞ்சில எப்படி முழிப்பேன்?

டாக்டரம்மா ஓடி வந்து சோடா உப்பு கரைச்சி ஊத்தினாங்க. வயித்த நீவி விட்டுக்கிட்டே கேட்டாங்க.

"கம்பெனி சைரனயே வெச்சீங்களா? அது தெனமும் அடிக்குமே, யோசிக்கலயா?"

"ஆடு யோசிக்கும்னு நெனைக்கல டாக்டர்."

"ரெண்டு பேர்ல அதாவது யோசிச்சிருக்கு."

ரொம்ப நேரம் கழிச்சி மூணாம் நம்பர் ஒரு ஏப்பம் விட்டுச்சி பாருங்க! நான் அழுதுட்டேன்.

எங்க லைன்ல எவளோ போன் போட்டுட்டா. மறுநாள் காலைல மொத பஸ்ல செல்வி வந்து எறங்கினா. சைரன போன்ல இருந்து அழிக்க வெச்சா. மீதி நாளு தீவனம் அவளே வெச்சா. கை அளக்கும், வாய் என்னைத் திட்டும். காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி.

"ஆட்டுக்கு சைரன் வெச்ச ஆம்பள இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான்யா!"

போன ஞாயித்துக்கிழமை குழாய மூடலன்னு என்னைத் திட்ட ஆரம்பிச்சா. மொத வார்த்தைதான் வந்திருக்கும். பட்டில இருந்த எட்டும் எகிறி குதிச்சி வந்து, என் பக்கத்துல வரிசையா நின்னுச்சி!

கெடா சேக்கறதுக்கு முன்னாடி டாக்டரம்மா வந்தாங்க. ஆடுங்க முதுக தடவிப் பாத்துட்டு, "சதை நல்லா புடிச்சிருக்கே! தெனமும் தவறாம தின்னுதுங்களா?"ன்னாங்க.

"தெனமும் தவறாம திட்டறா, டாக்டர்"ன்னேன்.