உன் எஞ்சினின் ஆயுள் குறித்து என் விளக்கம்

கூடுவாஞ்சேரி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்தவுடன்

அன்புள்ள மச்சான் ஜெபசிங்குக்கு,

உன் அக்காள் புருஷன் ஏசுதாஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான், உன் அக்கா மார்கரெட், தண்ணீர் மோட்டார், மிக்ஸி அனைவரும் சுகம். கத்தாரில் நீயும் உன் வயிறும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே கத்துவாய். முப்பத்து நாலு வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன் நான், எந்தத் தப்புக்கும் எழுத்தில் விளக்கம் கொடுத்துத்தான் பழக்கம். நம் தெரு ஜெரோம் வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். வீடியோ காலில் உன் அக்கா சொன்னதில் பாதியை நம்பாதே. மீதிப் பாதி உண்மை, அதை நானே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் லீவு முடிந்து கிளம்பும்போது நீ அந்த ரிமோட் லாரியை என்னிடம் ஒப்படைத்தாய். முழங்கை நீளம்தான் வண்டி, ஆனால் உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு நிஜ எஞ்சின், நைட்ரோ எண்ணெய் குடித்துவிட்டுக் கத்துகிற எஞ்சின். "புது எஞ்சின் மாமா, முதல் அஞ்சு டேங்கு பதமா ஓட்டிப் பழக்கிடுங்க, அப்பத்தான் ரொம்ப நாள் உழைக்கும். கிறிஸ்மஸுக்கு வந்து கேளம்பாக்கம் கிரவுண்டுல ரேஸ் விட்டு அந்த ஹேமந்த் மூக்க உடைக்கணும்" என்றாய். ஒரு காகிதத்தில் விதிமுறை வேறு எழுதிக் கொடுத்தாய். எனக்கே காகிதமா என்று அதை உன் அக்காவிடம் தள்ளிவிட்டேன். அதுதான் முதல் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். ரிட்டயர் ஆன அன்று எனக்குச் சால்வை போட்டார்கள், ஸ்பேனர் செட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷத்தில் என்னை நம்பி ஒரு எஞ்சினைக் கொடுத்தது நீ ஒருவன்தான். அன்று ராத்திரி எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கே வாசலில் வைத்து ஸ்டார்ட் செய்தேன். டிப்போவில் வண்டியை அரை மணி நேரம் நிற்க வைத்து உறும விட்டுத்தான் ரூட்டுக்கு அனுப்புவோம், அதே மாதிரி உறும விட்டேன். புகை என்றால் அப்படி ஒரு புகை. எதிர் வீட்டு லோகநாயகி ஓடிவந்து, "இன்னாண்ணா, நேத்துதானே கொசு மருந்து அடிச்சாங்க, இன்னிக்குமா?" என்று ஜன்னலையெல்லாம் சாத்தினாள். எனக்கு மானம் போயிற்று. எங்கள் டிப்போவில் பஸ் புகை விட்டால் மெக்கானிக்குக்கு மெமோ வரும். என் சர்வீஸில் புகைக்காக ஒரு மெமோகூட நான் வாங்கியதில்லை. விடுவேனா? கார்புரேட்டரில் எண்ணெயை அளந்து விடுகிற ஊசியைத் திருகினேன், திருகினேன், புகை சுத்தமாக நிற்கிற வரைக்கும் திருகினேன். வண்டி குயில் மாதிரி கூவியது. எஞ்சின் தலையைத் தொட்டுப் பார்த்த விரல் இன்னும் கொப்புளமாக இருக்கிறது.

சூடு அதிகம் என்று நான் சொன்னதும் உன் அக்கா, "மந்திரிக்காத வண்டிய ஓட்டினா வேற இன்னா ஆவும்?" என்றாள். நியாயம்தானே, நம் வீட்டில் சைக்கிள்கூட மந்திரிக்காமல் ஓடியதில்லை. கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வரிசையில் முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு புல்லட், நடுவில் உன் லாரி. ஃபாதர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காருக்குத் தெளித்த அதே அளவு தீர்த்தத்தை இதற்கும் தெளித்தார். காருக்கு அது துளி, இதற்கு அது வெள்ளம். மேலே நீட்டிக்கொண்டிருந்த ஏர் ஃபில்டர் பஞ்சு தொப்பலாக நனைந்துவிட்டது. அதைக் கழற்றிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். காயவைத்ததை மறந்துபோனது இரண்டாவது தப்பு.

மறுநாள் மாமல்லபுரம் போனோம், கடற்கரையில் தாராளமாக இடம் இருக்குமே என்று. ஃபில்டர் கொடியில், வண்டி மணலில். ரிமோட்டை ஒரு அழுத்து அழுத்தினேன், அவ்வளவுதான், காயப்போட்ட வலைக்குள் நேராகப் போய்ச் சுற்றிக்கொண்டு அலற ஆரம்பித்தது. வலைக்காரி முனியம்மா என்று ஒரு அம்மா, "யோவ் பெர்சு, உன் பெருச்சாளிய வந்து புடிய்யா!" என்று கத்த, நான் ஓடிப்போய் சைலன்சரில் கட்டைவிரலை வைத்து அணைத்தேன். அந்த விரலும் போச்சு. வலையைத் தைத்துக் கொடுக்காமல் வண்டியைத் தரமாட்டேன் என்று அந்த அம்மா லாரி மேலேயே உட்கார்ந்துகொண்டாள். உன் அக்கா மதியம் இரண்டு மணி வரை வெயிலில் வலை தைத்தாள். திரும்பும்போது பஸ்ஸில் என்னை விட்டுத் தள்ளி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கார்புரேட்டர் வாய் நிறைய மணல். ஊதினேன், தட்டினேன், ஸ்டார்ட்டர் கயிற்றை அறுபத்து மூன்று தடவை இழுத்தேன். தோளில் தைலம், வண்டியில் உயிர் இல்லை. முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு பஸ் எஞ்சினையும் நான் சாகவிட்டதில்லை மச்சான், உன்னுடைய எலுமிச்சம்பழத்தைச் சாகவிட்டேன். அழுகையே வந்துவிட்டது. ஆகவே, மேற்படி வண்டியின் பராமரிப்புப் பொறுப்பிலிருந்து இன்று முதல் விலகிக்கொள்கிறேன். கிறிஸ்மஸுக்கு வந்து எடுத்துக்கொள். இனி எந்த எஞ்சினையும் தொடமாட்டேன், இது சத்தியம்.

ஆண்டவர் உன்னையும் உன் பாஸ்போர்ட்டையும் காப்பாற்றட்டும். இரண்டு விரலில் கட்டோடு,
உன் மாமா,
ஏசுதாஸ்

பின்குறிப்பு: கவர் ஒட்டப் போகும்போது வாசலில் புகை நாற்றம். போய்ப் பார்த்தால் உன் அக்கா, நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் ரிமோட். உன் லாரி நீலப் புகையை நூல் பிடித்த மாதிரி விட்டுக்கொண்டு தெருவில் போகிறது. உன் காகிதத்தை ஜெபப் புத்தகத்தில் வைத்திருந்தாளாம். நான் இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் மணலைக் கழுவி, டப்பாவில் இருந்த புது பிளக்கை மாட்டி, ஊசியைத் தளர்த்தி, பஞ்சுக்கு எண்ணெய் தடவி முடித்துவிட்டாள். "பொகை வந்துகினே இருக்கணும், பொகைலதான் எண்ணெய் கீது, பொகை நின்னா எஞ்சின் காலின்னு மொத வரிலயே எழுதிக்கீதே, படிச்சீங்களா?" என்று கேட்டாள். மேலே சொன்ன ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிடு. எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது. ரிமோட்டை எனக்கே தரமாட்டேன் என்கிறாள். ஹேமந்துக்குப் போன் போட்டு கிறிஸ்மஸ் ரேஸுக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். நீ லீவை ஈஸ்டருக்குத் தள்ளிப்போட முடியுமா என்று பார்.