ரோலண்டிடம் யார் சொல்வது?

ரோலண்ட் வீட்டில் மூன்றாவது கப் டீயும் வந்துவிட்டது. கீத் இன்னும் விஷயத்தைச் சொன்னபாடில்லை.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. மொத்தம் நாலே வார்த்தை: "நீ இனிமே பேண்டுல இல்ல." வரும் வழியெல்லாம் பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்து அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். முன் சீட்டுக்காரர் திரும்பி, "நான் எந்த பேண்டுலயும் இல்லையே தம்பி" என்று வருத்தப்பட்டார். அவரிடம் சொல்ல முடிந்தது. ரோலண்டிடம் முடியவில்லை.

பார்ன்ஸ்லி நகரத்தில் மூன்று வருஷத்துக்கு முன்னால் மூன்று பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த இசைக்குழு அந்தப் பேண்டு. பெயர், 'வியாழக்கிழமைக் குடைகள்'. கிட்டாரும் பாட்டும் ஜூலியன். நாலு கம்பி பாஸ் கிட்டார் கீத். டிரம்ஸ் ரோலண்ட். முதல் கச்சேரி ஒரு சர்ச் ஹாலில், எட்டுப் பேருக்கும் ஒரு நாய்க்கும் முன்னால் நடந்தது. நாய் பாதியில் எழுந்து போய்விட்டது. அப்புறம் சொந்தச் செலவில் ஐந்நூறு இசைத்தட்டு போட்டார்கள். அதில் நானூற்று அறுபது இன்றைக்கும் ரோலண்டின் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. மீதியில் ஒன்று எப்படியோ ரேடியோவுக்குப் போய், அதை ஒரு புண்ணியவான் ஒலிபரப்பித் தொலைக்க, லண்டனிலிருந்து ஒரு கம்பெனி ஜூலியனுக்கு போன் போட்டுவிட்டது!

வெள்ளிக்கிழமை ஜூலியன் பிஸ்கட் ஃபாக்டரி வாசலுக்கே வந்து கீத்தைப் பிடித்தான்.

"எடுத்துக்கறாங்கடா! திங்கக்கிழமை காலையில லண்டன் ரயில். ஆனா ஒரு கண்டிஷன். ரோலண்டோட தாளம் சரியில்லையாம். கழட்டி விட்டுடணும்."

"நீயே சொல்லேன்டா."

"நானா? பாடற தொண்டைடா இது. அழுகையெல்லாம் வந்து கட்டிக்கிட்டா என்ன ஆகறது? நீதான் அவனுக்கு உயிர் நண்பன். உன் வாயால கேட்டா அவனுக்கு வலிக்காது. புது டிரம்மர்கூட ரெடி, டங்கன்னு பேரு. ஞாயித்துக்கிழமை ரோலண்ட் வீட்டுக்கு எதிர் பஸ் ஸ்டாப்புல நிப்பான். சொல்லி முடிச்சதும் அவனைக் கூட்டிக்கிட்டு நேரா என் வீட்டுக்கு வந்துடு."

சொன்னால் திங்கட்கிழமை லண்டன். சொல்லாவிட்டால் அதே திங்கட்கிழமை பிஸ்கட் ஃபாக்டரி, பெல்ட்டில் வரும் உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கிப்போடும் வேலை. நாலு வருஷமாக அதைச் செய்கிறான். கனவில்கூட உடைந்த பிஸ்கட்தான் வருகிறது.

ஆனால் கெட்ட சேதியை எடுத்த எடுப்பில் போட்டு உடைக்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாதே! முதலில் மழையைப் பற்றிப் பேச வேண்டும். அப்புறம் டீ. அந்த டீ ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும். ஆறிவிட்டால் போச்சு, வீட்டுக்காரர்கள் புது டீ கொண்டுவந்து வைப்பார்கள், திரும்ப மழையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கீத் இரண்டு தடவை ஆரம்பித்தாயிற்று.

"நல்ல மழை" என்றான் மூன்றாம் முறையாக.

"செம மழை" என்றான் ரோலண்ட். அவன் முகமும் என்னவோ போல் இருந்தது. "கீத், உன்கிட்ட ஒண்ணு..."

"இரு இரு, முதல்ல நான் சொல்லிடறேன்." நேராகச் சொல்லாமல் நாலு நல்ல வார்த்தையோடு ஆரம்பிக்கலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை. பாழாய்ப்போன யோசனை. "ரோலண்ட், உன்னை மாதிரி ஒரு டிரம்மர் இந்த ஜில்லாவிலேயே கிடையாதுடா."

ரோலண்ட் கப்பைக் கீழே வைத்தான். பொலபொலவென்று கண்ணீர் விட ஆரம்பித்துவிட்டான்.

"என்கிட்ட ஏன்டா இவ்வளவு நல்லவனா இருக்க? உன்னை மாதிரி பாஸ் வாசிக்க எவன்டா இருக்கான்?"

கீத் பதறிப்போனான். அழுகிறவனைப் பேண்டிலிருந்து விலக்குவது எப்படி? முதலில் அழுகையை நிறுத்தியாக வேண்டும்.

"அழாதடா. இசைத்தட்டு அட்டையில உன் மூஞ்சியைத்தான் பெரிசா போடப் போறோம்."

அழுகை இரட்டிப்பாயிற்று.

"ஒரு பாட்டு நீயே பாடலாம்!"

மூன்று மடங்காயிற்று.

"பேண்டு பேரையே மாத்திடலாம்டா! 'ரோலண்டும் குடைகளும்'! போதுமா?"

ரோலண்ட் விறுவிறுவென்று எழுந்து போய், ஆணியில் தொங்கிய தன் கறுப்புத் தோல் ஜாக்கெட்டை எடுத்துவந்து கீத்தின் தோளில் போட்டான். உயிரே போனாலும் யாருக்கும் கடன் தராத ஜாக்கெட் அது.

"வெச்சுக்கோ. நீதான்டா போட்டுக்கணும்."

அடக் கடவுளே, இப்போது ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு சொல்ல வேண்டுமா! கீத்துக்கு வியர்த்தது. கதவு திறந்து ரோலண்டின் அம்மா மிஸஸ் சக்டன் இஞ்சிக் கேக்கோடு வந்தாள். இருப்பதிலேயே பெரிய துண்டைக் கீத்தின் தட்டில் வைத்து, அவன் தலையைத் தடவிவிட்டாள்.

"சாப்பிடு கண்ணு. இனிமே எப்ப இந்த வீட்டுப் பக்கம் வரப் போறியோ."

கீத் கடித்த கேக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். மகனைக் கழற்றிவிட வந்தவன் என்று மோப்பம் பிடித்துவிட்டாளோ? தெரிந்துமா கேக் போடுகிறாள்! அவமானத்தில் அவனுக்குக் காது சுட்டது.

அப்போது மாடியில், 'டொம்ம்' என்று அடிவயிற்றைத் தொடும் சத்தம் ஒன்று கேட்டது. அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குழாய்" என்றான் ரோலண்ட் அவசரமாக.

"ஆமா, குழாய்தான். மேல ரிப்பேருக்கு ஒரு பையன் வந்திருக்கான். பாவம், அவனுக்கும் ஒரு கப் டீ கொடுத்துட்டு வரேன்" என்று மிஸஸ் சக்டன் தட்டோடு மாடியேறினாள்.

மறுபடியும் 'டொம்ம்'. பேச்சை மாற்ற ஒரு வழி கிடைத்ததே என்று கீத் அதைப் பிடித்துக்கொண்டான்.

"சுத்தமான சுருதிடா! உங்க வீட்டுக் குழாய் என்னைவிட நல்லா வாசிக்குதே."

ரோலண்ட் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சாதாரண ஹாஸ்யத்துக்கு ஏன் இப்படி அழுகிறான் என்று கீத்துக்குப் புரியவில்லை.

மாடியிலிருந்து இறங்கிவந்த மிஸஸ் சக்டன் ஜன்னல் திரையை விலக்கினாள்.

"யாருடா அது, பஸ் ஸ்டாப்புல? ஒரு மணி நேரமா நனைஞ்சுக்கிட்டு நிக்கறான். மூணு பஸ் போயிடுச்சு, ஒண்ணுலயும் ஏறலை."

எதிரே டங்கன் சொட்டச் சொட்ட நின்றான். இந்த வீட்டையே பார்த்தபடி, இரண்டு குச்சியால் குப்பைத் தொட்டி மேல் தட்டிக்கொண்டிருந்தான். தாளம் சரியாகத்தான் இருந்தது.

"அது... பஸ் பாக்க வந்தவனா இருக்கும்" என்றான் கீத். "எத்தனையோ பேருக்கு அது பொழுதுபோக்கு. பஸ் நம்பரெல்லாம் எழுதி வெச்சுக்குவாங்க."

"கையில நோட்டு இல்லையே?"

"மனப்பாடம் பண்ணிக்குவான்."

"மழையிலயா?"

"மழையில வர்ற பஸ்தான் அபூர்வம், மிஸஸ் சக்டன்."

மிஸஸ் சக்டன் டங்கனையும் பார்த்தாள், கீத்தையும் பார்த்தாள். டீக் கெட்டிலை அடுப்பில் வைக்கப் போனாள். கெட்டில்! நாலாவது டீ! அது வந்துவிட்டால் பழையபடி மழை, பழையபடி கேக், திங்கட்கிழமை காலை பழையபடி பிஸ்கட். மணி ஐந்தே கால் ஆகிவிட்டது. கீத் கண்ணை இறுக மூடிக்கொண்டு எழுந்தான். அதே நேரம் ரோலண்டும் எழுந்தான்.

"ரோலண்ட், நீ இனிமே..."

"கீத், நீ இனிமே..."

"நீ முதல்ல சொல்லு."

"சேச்சே, நீ சொல்லு."

"இல்லடா, நீ சொல்லு."

வாசல் மணி அடித்தது. மிஸஸ் சக்டன் போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் டங்கன் நின்றான், ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்றது.

"மன்னிக்கணும், இதுக்கு மேல நிக்க முடியலை. நான்தான் புது டிரம்மர். ஜூலியன் அனுப்பினாரு. கீத் சொல்லி முடிச்சிட்டாரா?"

ரோலண்டின் வாய் திறந்தபடி நின்றது. தோல் ஜாக்கெட்டுக்குள் கீத் குறுகிப்போனான். மிஸஸ் சக்டன் மட்டும் துளிகூட அசரவில்லை. டங்கனின் ஈரக் கோட்டைக் கழற்றி வாங்கினாள்.

"அட, உன்னையும் ஜூலியன்தான் அனுப்பினானா? மேல போய் அந்தக் குழாய்க்காரப் பையன் பக்கத்துல உக்காரு கண்ணு. அவனும் ஒரு நாலு கம்பி கிட்டாரை மடியில வெச்சுக்கிட்டு, எங்க ரோலண்ட் எப்ப கீத்கிட்ட சொல்லி முடிப்பான்னு ரெண்டு மணி நேரமா காத்துக்கிட்டிருக்கான்."